அலமாரி மேல் ஒரு பழைய கேம் பெட்டி: சுவிட்சைத் தட்டும் முன் படியுங்கள்!



தீபாவளிக்கு வீட்டைச் சுத்தம் செய்கிறீர்கள். பாட்டி வீட்டு அலமாரியின் மேலிருந்து தூசி படிந்த ஓர் அட்டைப்பெட்டி இறங்குகிறது. உள்ளே மஞ்சளாகிப்போன ஒரு கேம் கன்சோல், சுருண்ட கம்பியோடு இரண்டு கைப்பிடிகள், ஒரு பொம்மைத் துப்பாக்கி, நான்கைந்து கேசட்டுகள். "இது மாமா சின்ன வயதில் விளையாடியது" என்கிறார் பாட்டி. உங்கள் கை உடனே எங்கே போகும்? பிளக்கை எடுத்துச் சுவரில் செருகப் போகும்.

நில்லுங்கள். நான் செய்த தவற்றை நீங்களும் செய்துவிடாதீர்கள்.

ஆசிரியர் பணியில் சேர்ந்த முதல் ஆண்டில், ஜப்பானிலிருந்து வந்த நண்பர் ஒருவர் எனக்கு ஒரு பழைய ஃபேமிகாம் கன்சோலைப் பரிசளித்தார். சிவப்பும் வெள்ளையும் கலந்த அழகான பெட்டி. அதன் அடாப்டரில் இருந்த தட்டையான இரண்டு கால்களை ஒரு மாற்று பிளக்கில் பொருத்திச் சுவரில் செருகினேன். இரண்டு நிமிடம்தான். கருகிய வாடை வந்தது. அடாப்டரைத் தொட முடியாத சூடு. கன்சோலும் அதன் பிறகு கண் திறக்கவில்லை. முப்பது ஆண்டுகளாகத் தாக்குப்பிடித்த கருவி என் கையில் இரண்டு நிமிடம்கூடத் தாங்கவில்லை. இதில் வெட்கக்கேடு என்ன தெரியுமா? அதே வாரம் நான் படிவம் 5 மாணவர்களுக்கு மின்மாற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன்!

பழைய கேம் கன்சோல்களைத் தேடிச் சேகரிப்பவர்கள் உலகம் முழுவதும் இருக்கிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் அது பொம்மை சேர்ப்பது போலத் தெரியும். ஆனால், அந்தப் பெட்டிகளைக் காப்பாற்றி வைப்பதற்கு நீங்கள் பள்ளியில் படிக்கும் இயற்பியலும் வேதியியலும்தான் தேவைப்படுகின்றன. எப்படி என்று பார்ப்போமா?

பெட்டிகள் வந்த கதை

முதலில், கையில் இருப்பது எந்தக் காலத்துக் கருவி என்று தெரிய வேண்டும்.

1966ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ரால்ஃப் பேயர் என்ற பொறியாளருக்கு ஒரு யோசனை தோன்றியது. வீட்டுக்கு வீடு தொலைக்காட்சி இருக்கிறது. அதை வெறுமனே பார்ப்பதற்குப் பதில், அதை வைத்து விளையாடினால் என்ன? அவரும் அவருடைய குழுவினரும் செய்த மாதிரிக் கருவிக்குப் 'பழுப்புப் பெட்டி' என்று பெயர். அதிலிருந்து பிறந்ததுதான் 1972ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்த மேக்னவாக்ஸ் ஒடிசி. உலகின் முதல் வீட்டு வீடியோ கேம் கன்சோல் அது.

ஒடிசியைத் திறந்து பார்த்தால் நீங்கள் ஆச்சரியப்படுவீர்கள். அதில் நுண்செயலி கிடையாது. டிரான்சிஸ்டர்கள், டையோடுகள், மின்தடைகள் போன்ற எளிய பாகங்கள் மட்டுமே. ஒலி இல்லை. புள்ளிகளை எண்ணிக் காட்டவும் தெரியாது. அவற்றை ஆடுபவர்களே தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். திரையில் தெரிவதெல்லாம் சில வெள்ளைச் சதுரங்களும் ஒரு கோடும்தான். பிறகு டென்னிஸ் மைதானம் எங்கிருந்து வந்தது? வண்ணம் அச்சிட்ட மெல்லிய பிளாஸ்டிக் தாளைத் தொலைக்காட்சித் திரையின்மேல் ஒட்டிக்கொள்வார்கள். பசை தேவையில்லை. திரையில் சேரும் நிலைமின்னே அதைப் பிடித்துக்கொள்ளும். பெட்டிக்குள் பகடைக்காய், விளையாட்டுப் பணம், சீட்டுகள் எல்லாம் சேர்த்தே கொடுத்தார்கள். இன்று முழுமையான ஒடிசி கிடைப்பது அரிது. பெட்டி இருக்கும், தாள் கிழிந்திருக்கும். தாள் இருக்கும், பகடை தொலைந்திருக்கும். அதனால்தான் சேகரிப்பாளர்கள் துணைக்கருவிகளையும் சில்லறைப் பொருள்களையும் கன்சோலுக்கு நிகராக மதிக்கிறார்கள்.

1976ஆம் ஆண்டில் ஃபேர்சைல்ட் சேனல் எஃப் வந்தது. ஜெர்ரி லாசன் என்ற பொறியாளரின் தலைமையிலான குழு, விளையாட்டின் நிரலை ஒரு சில்லில் பதிந்து, அதைத் தனியாகக் கழற்றி மாட்டும் கார்ட்ரிட்ஜுக்குள் வைத்தது. நம் ஊரில் எல்லாரும் அதைக் 'கேசட்' என்றுதான் சொல்வார்கள். நிரல் பதிந்த கேசட்டை மாற்றிப் பல விளையாட்டுகள் ஆடும் வழக்கம் அங்கிருந்துதான் தொடங்கியது.

அடுத்த ஆண்டு, 1977இல், மரப்பலகை போன்ற முகப்போடு அட்டாரி வந்தது. பின்னாளில் அதற்கு அட்டாரி 2600 என்று பெயர் மாறியது. அதன் தற்காலிக நினைவகம் எவ்வளவு தெரியுமா? 128 பைட். கிலோபைட் அல்ல, வெறும் பைட்! கணினியில் ஒரு தமிழ்க் குறியைச் சேமிக்கப் பொதுவாக 3 பைட் வேண்டும். அப்படியானால் 128 பைட்டில் 42 குறிகள்தான் அடங்கும். சற்று நீளமான ஒரு தமிழ் வாக்கியம்கூட அதில் கொள்ளாது. அந்த இடத்துக்குள் காட்டில் ஓடித் தாவும் மனிதனையும் முதலையையும் காட்டினார்கள்.

1983ஆம் ஆண்டு ஜூலை 15ஆம் நாள் ஜப்பானில் நிண்டெண்டோ நிறுவனத்தின் ஃபேமிகாம் வெளியானது. மசாயுகி உவெமுரா அதை வடிவமைத்தார். 1985இல் அது வேறு உருவில், நிண்டெண்டோ என்டர்டெயின்மெண்ட் சிஸ்டம் என்ற பெயரில் அமெரிக்காவுக்குப் போனது. சுருக்கமாக 'நெஸ்' என்பார்கள். ஃபேமிகாம் கேசட்டில் 60 தொடுமுனைகள். நெஸ் கேசட்டில் 72. ஒன்று மற்றொன்றில் பொருந்தாது. நம் வட்டாரத்தில் ஃபேமிகாமைப் போலவே தைவானில் செய்யப்பட்ட மைக்ரோ ஜீனியஸ் பெட்டிகள் பரவலாக விற்றன. உங்கள் மாமாவின் பெட்டியும் அதுவாக இருக்கலாம்.

கேள்வி 1: எத்தனை வோல்ட்?

சரி, என் கன்சோல் ஏன் கருகியது?

ஜப்பானில் வீட்டு மின்னழுத்தம் 100 வோல்ட். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் 230 முதல் 240 வோல்ட். ஃபேமிகாமின் அடாப்டருக்குள் ஒரு மின்மாற்றி இருக்கிறது. அது 100 வோல்ட்டை வாங்கி ஏறத்தாழ 10 வோல்ட்டாகக் குறைக்கும். அதாவது முதன்மைச் சுருளுக்கும் துணைச் சுருளுக்கும் உள்ள சுற்று விகிதம் 10க்கு 1. அதே மின்மாற்றிக்கு 240 வோல்ட் கொடுத்தால் என்ன வரும்? 24 வோல்ட். மின்மாற்றியின் இரும்பு உள்ளகமும் தாங்கக்கூடிய காந்தப் புலத்தின் எல்லையைத் தாண்டிவிடும். அப்போது முதன்மைச் சுருளில் மின்னோட்டம் கட்டுக்கடங்காமல் ஏறும். சுருள் சூடாகிக் கருகும்.

கன்சோலுக்குள்ளும் சிக்கல். அதன் சில்லுகளுக்கு வேண்டியது 5 வோல்ட் மட்டுமே. மின்னழுத்தச் சீராக்கி என்ற சிறு பாகம் மிச்ச வோல்ட்டை வெப்பமாக மாற்றி வெளியே தள்ளும். மின்னோட்டம் 0.5 ஆம்பியர் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள். 10 வோல்ட் வந்தால் வெப்பமாகும் திறன் (10 − 5) × 0.5 = 2.5 வாட். 24 வோல்ட் வந்தால் (24 − 5) × 0.5 = 9.5 வாட். ஏறக்குறைய நான்கு மடங்கு! விரல் நகம் அளவுள்ள பாகம் எப்படித் தாங்கும்?

இன்னொரு பொறியும் இருக்கிறது. அமெரிக்க நெஸ்ஸின் அடாப்டர் 9 வோல்ட் மாறுதிசை மின்சாரம் தரும். கன்சோலுக்குள் இருக்கும் டையோடுகள் அதை நேர்திசை மின்சாரமாக மாற்றிக்கொள்ளும். ஃபேமிகாமில் அந்த டையோடுகள் இல்லை. அதற்கு நேரடியாக நேர்திசை மின்சாரம் வேண்டும். அதிலும் பிளக்கின் நடுமுனை எதிர்மின் முனையாக இருக்க வேண்டும். இன்று கடையில் கிடைக்கும் பெரும்பாலான அடாப்டர்களில் நடுமுனை நேர்மின் முனை. பிளக்கின் அளவு பொருந்துகிறது என்பதற்காக மாட்டினால், மின்சாரம் தலைகீழாகப் பாயும்.

ஆகவே முதல் விதி: அடாப்டரின் முதுகில் உள்ள எழுத்துகளைப் படியுங்கள். உள்ளே போவது எத்தனை வோல்ட், வெளியே வருவது எத்தனை வோல்ட், மாறுதிசையா நேர்திசையா, நடுமுனை எது. நான்கும் தெரியாமல் செருகாதீர்கள். கம்பி வெடித்திருந்தாலோ அடாப்டரின் மேலோடு விரிசல் விட்டிருந்தாலோ தொடவே வேண்டாம்.

கேள்வி 2: படம் ஏன் வரவில்லை?

மின்சாரம் சரியாகக் கொடுத்தாயிற்று. சிவப்பு விளக்கும் எரிகிறது. ஆனால் தொலைக்காட்சியில் வெறும் பூச்சிதான் பறக்கிறது. கருவி செத்துவிட்டது என்று குப்பையில் போட்டுவிடாதீர்கள். அது வேறு 'மொழி' பேசிக்கொண்டிருக்கலாம்.

பழைய கன்சோல்கள் ஒரு சின்ன ஒளிபரப்பு நிலையம் போல வேலை செய்தன. படத்தையும் ஒலியையும் வானொலி அலையில் ஏற்றி, ஆண்டெனா துளை வழியாகத் தொலைக்காட்சிக்கு அனுப்பின. ஜப்பானிய ஃபேமிகாம் அனுப்பும் அலை ஜப்பானின் 1 அல்லது 2ஆம் அலைவரிசையில், அதாவது 90 முதல் 102 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியில் இருக்கும். நம் நாட்டில் அந்த இடத்தில் என்ன இருக்கிறது? பண்பலை வானொலி! நம் தொலைக்காட்சிகள் அந்தப் பகுதியில் படத்தைத் தேடுவதே இல்லை.

அலைவரிசை கிடைத்தாலும் இன்னொரு வேறுபாடு உண்டு. ஜப்பானும் அமெரிக்காவும் என்டிஎஸ்சி முறையைப் பின்பற்றின: 525 கோடுகள், நொடிக்கு 60 முறை திரை புதுப்பிக்கப்படும். மலேசியாவும் சிங்கப்பூரும் பால் முறை: 625 கோடுகள், நொடிக்கு 50 முறை. வண்ணத் தகவலைச் சுமக்கும் அலையின் அதிர்வெண்ணும் வேறு; அங்கே 3.58 மெகாஹெர்ட்ஸ், இங்கே 4.43 மெகாஹெர்ட்ஸ். அதனால் சில தொலைக்காட்சிகளில் படம் வரும், ஆனால் கறுப்பு வெள்ளையில் வரும்.

இதனால் விளையாட்டின் வேகமே மாறியது. பல விளையாட்டுகள் திரை எத்தனை முறை புதுப்பிக்கப்படுகிறது என்பதை வைத்தே நேரத்தைக் கணக்கிட்டன. 60 முறைக்கு எழுதிய நிரலை மாற்றாமல் 50 முறை கருவியில் ஓட்டினால், வேகம் 50/60, அதாவது 83 விழுக்காடு. 60 நொடி ஓட்டப்பந்தயம் 72 நொடி ஆகும். பாட்டும் இழுத்து இழுத்துப் பாடும். இப்படிச் சில விளையாட்டுகளை உலகின் ஒரு பாதி மெதுவாகவே ஆடி வளர்ந்தது!

கேள்வி 3: துப்பாக்கி ஏன் சுடவில்லை?

இப்போது அந்தப் பொம்மைத் துப்பாக்கியை எடுங்கள். புதிய தட்டைத் தொலைக்காட்சியில் வாத்து சுடும் விளையாட்டை ஓட்டிச் சுட்டால், ஒரு வாத்தும் விழாது. துப்பாக்கி பழுதா? இல்லை.

துப்பாக்கியிலிருந்து எதுவும் வெளியே போவதில்லை. அது ஒளியைப் பார்க்கும் ஒரு கண். குழலுக்குள் ஒரு வில்லையும் ஒளியுணரியும் இருக்கின்றன. நீங்கள் விசையை அழுத்தியவுடன், கன்சோல் ஒரு கணம் திரை முழுவதையும் கறுப்பாக்குகிறது. அடுத்த கணம் வாத்து இருந்த இடத்தில் மட்டும் ஒரு வெள்ளைச் சதுரம் காட்டுகிறது. ஒவ்வொன்றுக்கும் ஆகும் நேரம் 1/60 நொடி. கறுப்பின்போது இருட்டையும் சதுரத்தின்போது வெளிச்சத்தையும் துப்பாக்கி கண்டால், குறி சரி. இரண்டு வாத்துகள் இருந்தால் சதுரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். எந்தச் சதுரத்தின்போது வெளிச்சம் தெரிந்ததோ அந்த வாத்து விழும்.

கறுப்புத் திரை எதற்கு? ஏமாற்றைத் தடுக்க. 1972ஆம் ஆண்டு ஒடிசிக்கும் ஒரு துப்பாக்கி தனியாக விற்றார்கள். அதை வீட்டு விளக்கை நோக்கிச் சுட்டாலே குறி விழுந்ததாகக் கணக்கு! நெஸ் துப்பாக்கியிடம் அது பலிக்காது. விளக்கு எப்போதும் எரிகிறதல்லவா? இருட்டாக இருக்க வேண்டிய கணத்திலும் வெளிச்சம் தெரியும், குட்டு வெளிப்பட்டுவிடும்.

புதிய தொலைக்காட்சியில் சிக்கல் நேரத்தில்தான். பழைய குழாய்த் தொலைக்காட்சியில் எலெக்ட்ரான் கற்றை நொடிக்கு 15,000க்கும் மேற்பட்ட கோடுகளை வரையும். கன்சோல் அனுப்பிய கணத்திலேயே அது திரையில் தெரியும். துப்பாக்கியும் அந்தத் துடிப்புக்கு ஏற்றபடியே செய்யப்பட்டது. தட்டைத் திரையோ வந்த படத்தை வாங்கி, அளவை மாற்றி, மெருகேற்றிப் பிறகுதான் காட்டுகிறது. அந்தச் சிறு தாமதத்துக்குள் துப்பாக்கி பார்க்க வேண்டிய கணம் கடந்துவிடுகிறது. ஆகவே, துப்பாக்கியைச் சேகரிப்பவர் குழாய்த் தொலைக்காட்சியையும் சேர்த்தே காப்பாற்ற வேண்டும்.

ஓர் எச்சரிக்கை: குழாய்த் தொலைக்காட்சியின் பின்பக்கத்தை ஒருபோதும் திறக்காதீர்கள். உள்ளே பல ஆயிரம் வோல்ட் உருவாகிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது நெடுநேரம் தேங்கி நிற்கும். அது உயிரைப் பறிக்கும்.

துணைக்கருவிகளில் இன்னும் விநோதங்கள் உண்டு. 1985இல் நெஸ்ஸோடு வந்த 'ராப்' என்ற குட்டி ரோபோ, திரையில் மின்னும் ஒளியைத் தன் கண்ணால் பார்த்துக் கட்டளைகளைப் புரிந்துகொள்ளும். 1989இல் வந்த பவர் குளோவ் என்ற கையுறை, வெளவால் போல மீயொலியைப் பயன்படுத்தியது. கையுறை ஒலி எழுப்பும். தொலைக்காட்சியைச் சுற்றி மாட்டிய மூன்று ஏற்பிகள் அதைக் கேட்கும். ஒலி வந்து சேர்ந்த நேர வேறுபாட்டைக் கொண்டு கை எங்கே இருக்கிறது என்று கணக்கிடும். கை அசைவைக் கண்டு இயங்கும் இன்றைய கருவிகளுக்கு அது ஒரு பெரியப்பா.

கேள்வி 4: கேசட்டை ஊதலாமா?

உங்கள் மாமாவிடம் கேட்டுப் பாருங்கள். "ஓடவில்லை என்றால் கேசட்டை எடுத்து வாயால் ஊதுவோம், உடனே ஓடும்" என்பார். உலகம் முழுவதும் பிள்ளைகள் இதைத்தான் செய்தார்கள். யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுக்கவில்லை!

உண்மையில் ஓட வைத்தது ஊதல் அல்ல. கேசட்டைக் கழற்றித் திரும்பச் செருகும்போது தொடுமுனைகள் உரசி, மேலே படிந்த அழுக்குப் படலம் விலகுகிறது. தொடர்பு மீண்டும் கிடைக்கிறது. ஊதியபோது நாம் சேர்த்தது ஈரத்தை. எச்சில் ஈரம் உலோகத் தொடுமுனைகளை அரிக்கும். நம் ஊர்க் காற்றில் ஏற்கெனவே ஈரப்பதம் அதிகம். நாம் வேறு ஊதி உதவ வேண்டியதில்லை.

நெஸ் கன்சோலில் சிவப்பு விளக்கு நொடிக்கொரு முறை கண் சிமிட்டினால், அதற்கும் காரணம் உண்டு. கன்சோலுக்குள் ஒரு காவல் சில்லும் கேசட்டுக்குள் அதன் இணைச் சில்லும் இருக்கின்றன. இரண்டும் இடைவிடாமல் பேசிக்கொள்ள வேண்டும். தொடுமுனை அழுக்காகிப் பேச்சு தடைபட்டால், 'இது போலிக் கேசட்' என்று எண்ணிக் காவல் சில்லு கன்சோலை மீண்டும் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வைக்கும். பல கன்சோல்கள் பழுதானவை என்று தூக்கி எறியப்பட்டது இந்த ஒரு சண்டையால்தான்.

சரியான வழி எது? பஞ்சு சுற்றிய குச்சியில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைத் தொட்டு, தொடுமுனைகளை மெதுவாகத் துடையுங்கள். அது அழுக்கைக் கரைக்கும், விரைவில் ஆவியாகும். நன்றாகக் காய்ந்த பிறகே செருக வேண்டும். அது எளிதில் தீப்பற்றும் என்பதால் சன்னலைத் திறந்துவைத்து, அடுப்புக்குத் தொலைவில் செய்யுங்கள்.

கேள்வி 5: அம்மாவின் பெயர் போய்விடுமா?

இனி நான் சொல்லப்போவது என் வகுப்பில் நடந்தது.

படிவம் 2 மாணவி ஒருவர் ஒரு தங்கநிறக் கேசட்டைக் கொண்டு வந்தார். 1987இல் அமெரிக்காவில் வெளியான 'த லெஜண்ட் ஆஃப் செல்டா'. வெளிநாட்டில் படித்துத் திரும்பிய உறவினர் ஒருவர் அவருடைய அம்மாவுக்குக் கன்சோலோடு கொடுத்தது. அதை ஓட்டிப் பார்த்தபோது, சேமித்த ஆட்டங்களின் பட்டியலில் அம்மாவின் பெயர் அப்படியே இருந்தது. பன்னிரண்டு வயதில் அவர் எழுத்து எழுத்தாகத் தேர்ந்தெடுத்த பெயர். அம்மா அதைப் பார்த்துவிட்டுச் சற்று நேரம் பேசவில்லையாம்.

"டீச்சர், உள்ளே பேட்டரி இருக்குன்னு சொல்றாங்க. அது எப்ப வேணும்னாலும் செத்துப்போகுமாம். மாத்தினாலும் அம்மா பேரு அழிஞ்சிடுமாம். அப்ப என்னதான் செய்யுறது?"

நல்ல கேள்வி. கேசட்டுக்குள் இரண்டு வகை நினைவகம் இருக்கிறது. விளையாட்டின் நிரல், தொழிற்சாலையிலேயே சில்லின் அமைப்பில் பதிக்கப்பட்டது. மின்சாரம் இல்லாவிட்டாலும் அது அழியாது. ஆனால் சேமித்த ஆட்டம் இருப்பது மின்சாரம் இருக்கும்வரை மட்டுமே நினைவு வைத்திருக்கும் சில்லில். கன்சோல் அணைந்திருக்கும்போது அந்தச் சில்லுக்கு உயிர் கொடுப்பது காசு அளவுள்ள 3 வோல்ட் லித்தியம் பேட்டரி. சில்லு எடுக்கும் மின்னோட்டம் மிக மிகக் குறைவு. அதனால்தான் சில பேட்டரிகள் முப்பது ஆண்டுகளுக்கு மேலும் தாங்குகின்றன. ஆனால் பேட்டரியை ஒரு நொடி கழற்றினாலும் நினைவு போய்விடும்.

கன்சோலை அணைக்கும் கணமும் ஆபத்தானது. மின்னழுத்தம் இறங்கும்போது செயலி தடுமாறி, சேமிப்புச் சில்லில் தாறுமாறாக எழுதிவிடலாம். அதனால்தான் இந்த விளையாட்டை நிறுத்தும்போது ரீசெட் பொத்தானை அழுத்திப் பிடித்தபடி அணைக்க வேண்டும். ரீசெட் செயலியின் கையைக் கட்டிப்போடுகிறது; அது எதையும் எழுத முடியாது. அம்மாவுக்கு இந்த விதி நினைவிருந்தது. "ரீசெட்டைப் பிடிச்சிக்கிட்டே அணைக்கணும்" என்று மகளிடம் முதலிலேயே சொல்லி அனுப்பியிருந்தார்.

நாங்கள் அவசரப்படவில்லை. கேசட்டின் உள்ளடக்கத்தைக் கணினிக்கு நகலெடுக்கும் ஒரு சிறு கருவியை, சேகரிப்பில் அனுபவமுள்ள ஒருவரிடம் இரவல் வாங்கினோம். முதலில் சேமிப்பை நகலெடுத்தோம். மீண்டும் ஒருமுறை நகலெடுத்து, இரண்டு நகல்களும் ஒன்றாக இருக்கின்றனவா என்று ஒப்பிட்டோம். இருந்தன. அதன் பிறகுதான் அவர் கேசட்டைத் திறந்து பழைய பேட்டரியை எடுத்தார். அந்த இடத்தில் கழற்றி மாட்டக்கூடிய பேட்டரித் தாங்கி ஒன்றைப் பற்றவைத்தார். லித்தியம் பேட்டரியின்மேல் நேரடியாகப் பற்றவைப்புக் கோலை வைத்தால் அது வெடிக்கக்கூடும் என்பதால், அந்த வேலையை மாணவர்களிடம் நான் கொடுக்கவில்லை.

புதிய பேட்டரி போட்டுக் கன்சோலை இயக்கினோம். எதிர்பார்த்தது போலவே பட்டியல் காலியாக இருந்தது. தெரிந்தே செய்தோம், ஆனாலும் அந்த மாணவியின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. நகலைத் திரும்பக் கேசட்டில் ஏற்றி மறுபடி இயக்கினோம். பெயர் வந்தது.

மாணவர்களே, அறிவியலில் இதற்கு ஓர் எளிய விதி இருக்கிறது. திரும்பப் பெற முடியாத எதையும் தொடும் முன், முதலில் அதைப் பதிவு செய்யுங்கள்.

கேள்வி 6: மஞ்சளைப் போக்கலாமா?

பழைய கன்சோல்களின் சாம்பல்நிறப் பெட்டி ஏபிஎஸ் என்ற பிளாஸ்டிக்கால் ஆனது. லெகோ கட்டைகளும் அதே வகைதான். அக்ரிலோநைட்ரில், பியூட்டாடையீன், ஸ்டைரீன் என்ற மூன்று பொருள்களின் கூட்டு அது. இதில் பியூட்டாடையீன் பகுதியில் உள்ள இரட்டைப் பிணைப்புகள் பலவீனமானவை. வெயிலின் புற ஊதாக் கதிரும் வெப்பமும் படப்பட, காற்றிலுள்ள ஆக்சிஜன் அங்கே போய்ச் சேர்கிறது. அதுவே மஞ்சள் நிறத்தைத் தருகிறது. தீப்பற்றாமல் இருக்கப் பிளாஸ்டிக்கில் கலந்த புரோமின் சேர்மங்களுக்கும் இதில் பங்கு உண்டு என்று சொல்லப்படுகிறது. ஒரே கன்சோலின் மேல்பாதி மஞ்சளாகவும் கீழ்ப்பாதி சாம்பலாகவும் இருப்பதைப் பார்க்கலாம். இரண்டு பாதிகளும் வெவ்வேறு கலவையில் வார்க்கப்பட்டால் இப்படி நேரும்.

ஹைட்ரஜன் பெராக்சைடைப் பூசி வெயிலில் வைத்து வெளுப்பவர்கள் இருக்கிறார்கள். நிறம் திரும்புவது உண்மை. ஆனால் திட்டுத் திட்டாக வெளுக்கலாம். சில ஆண்டுகளில் மஞ்சள் மீண்டும் வரலாம். அடர்த்தி மிகுந்த பெராக்சைடு தோலையும் கண்ணையும் சுடும். என் கருத்து இதுதான்: மஞ்சள் ஒரு நோயல்ல, வயது. பாட்டியின் நரையைப் போல அதை விட்டுவிடுங்கள். சோப்பு நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் வெளிப்புறத்தைத் துடைத்தால் போதும்.

எதைச் சேகரிப்பது?

2021இல் உறை பிரிக்காத 'சூப்பர் மாரியோ 64' கேசட் ஒன்று ஏலத்தில் 1.56 மில்லியன் அமெரிக்க டாலருக்குப் போனது. 1990ஆம் ஆண்டு நிண்டெண்டோ போட்டிக்காகச் செய்த கேசட்டுகளில் சாம்பல்நிறத்தில் 90, தங்கநிறத்தில் 26 மட்டுமே உண்டு. இவற்றைக் கேட்டதும் சிலர் பாட்டி வீட்டு அலமாரியைப் புதையலாகப் பார்க்கத் தொடங்கிவிடுகிறார்கள். பெரும்பாலான பழைய கேசட்டுகளுக்கு அப்படி விலை கிடையாது. மில்லியன்கணக்கில் செய்யப்பட்டவை அவை.

விற்காமல் போனவற்றின் கதையும் உண்டு. 1983இல் அட்டாரி நிறுவனம் தேங்கிப்போன கேசட்டுகளை அமெரிக்காவின் அலமகோர்டோ நகரக் குப்பைமேட்டில் புதைத்தது. 2014இல் அதைத் தோண்டியபோது ஏறக்குறைய 1,300 கேசட்டுகள் மீட்கப்பட்டன. குப்பையாகப் போனவற்றில் ஒன்று இன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது!

விலையைவிடப் பெரிய கவலை ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில் 2010க்கு முன் வெளியான விளையாட்டுகளில் 87 விழுக்காடு இன்று புதிதாக வாங்கக் கிடைப்பதில்லை என்று, வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளை 2023இல் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. பழைய கேசட்டும் அதை ஓட்டும் பழைய கருவியும் அழிந்தால், அந்த விளையாட்டுகளைப் பார்க்க வழி மிகக் குறைவு.

ஆகவே, பாட்டி வீட்டுப் பெட்டியைத் திறந்தால், முதலில் நோட்டுப் புத்தகத்தை எடுங்கள். யார் வாங்கினார், எந்த ஆண்டு, எந்தக் கடை, எத்தனை ரிங்கிட், யார் யார் விளையாடினார்கள் என்று கேட்டு எழுதுங்கள். உறையையும் கையேட்டையும் படமெடுங்கள். அந்த விவரங்களை எந்த ஏலத்திலும் வாங்க முடியாது. சொல்லக்கூடியவர்கள் நம் வீட்டில் இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும்.

நினைவில் வையுங்கள்

• அடாப்டரில் எழுதியிருப்பதைப் படித்து, பெரியவர் ஒருவரின் துணையோடு மட்டும் மின்சாரம் கொடுங்கள்.
• பொம்மை ரோபோ போன்ற துணைக்கருவிகளில் பழைய பேட்டரிகள் இருந்தால் கழற்றுங்கள். கசிந்திருக்கும் வெள்ளைப் பொடியை வெறுங்கையால் தொடாதீர்கள்.
• ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா பைகளோடு, வெயில் படாத இடத்தில் வையுங்கள். கரப்பான்பூச்சிக்கு வெதுவெதுப்பான கன்சோல் நல்ல வீடு, கவனம்.
• தொலைக்காட்சியையும் அடாப்டரையும் ஒருபோதும் பிரிக்காதீர்கள்.

சிந்தித்துப் பாருங்கள்

1. சுற்று விகிதம் 10க்கு 1 உள்ள மின்மாற்றிக்கு 230 வோல்ட் கொடுத்தால் வெளியே எத்தனை வோல்ட் வரும்?
2. 60 ஹெர்ட்ஸ் கருவிக்கு எழுதிய 3 நிமிடப் பாட்டு, 50 ஹெர்ட்ஸ் கருவியில் எவ்வளவு நேரம் ஒலிக்கும்?
3. தட்டைத் தொலைக்காட்சியிலும் வேலை செய்யும் ஒரு விளையாட்டுத் துப்பாக்கியை நீங்கள் எப்படி வடிவமைப்பீர்கள்?

மூன்றாவது கேள்விக்கு ஒரே விடை என்று எதுவும் இல்லை. உங்கள் அறிவியல் ஆசிரியரிடம் பேசிப் பாருங்கள். அவரும் சிறு வயதில் கேசட்டை ஊதியவராக இருக்கலாம்!